எலிகள் தந்த எச்சரிக்கை

மழைக்காலம் பிறந்து வளைகளில் நீர் புகுந்ததும், விஷ்ராந்த்வாடியில் நம் வீட்டு வாயில்களை எலிகள் நாடி வருகின்றன. பொறி வைத்துப் பிடிக்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். ஆயினும், எலிகளை எண்ணிக் கணக்கெடுத்த ஓர் ஆராய்ச்சி பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன நோயின் போக்கையே விளக்கிற்று. அது நடந்த இடம் நமக்கு அண்மையிலுள்ள மும்பைத் தீவு.

1896-ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய பிளேக் நோய் விரைவில் புனேயையும் பற்றியது. நோயுற்றோருக்குத் தொண்டாற்றிய சாவித்திரிபாய் புலே 1897 மார்ச்சில் அந்நோய்க்கே இரையானார். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சோதனையால் காட்டினார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை.

1905-இல் அமைந்த ஆராய்ச்சிக் குழு இதைத் தெளிவுபடுத்த முற்பட்டது. நகரெங்கும் பிடிபட்ட எலிகளும் செத்துக் கிடந்த எலிகளும் பரேலிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு நாள்தோறும் வந்தன. எந்த எலி எவ்விடத்தில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அவற்றை அறுத்துச் சோதித்தனர். சயான், வடாலா, பரேல், வொர்லி ஆகிய ஊர்களைத் தனித்தனியே ஆராய்ந்தனர்.

கணக்கில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. முதலில் சாக்கடைகளில் வாழும் பழுப்பெலிகள் மடிந்தன. ஏறத்தாழப் பத்து நாட்களுக்குப் பின் வீடுகளில் வாழும் கறுப்பெலிகள் மடிந்தன. அதன்பின் 10 முதல் 14 நாட்களில் மனிதர் மாண்டனர். இந்த இடைவெளிக்குக் காரணமும் கிடைத்தது. எலி இறந்ததும் தெள்ளுப்பூச்சி அதனை விட்டு நீங்கிச் சுமார் மூன்று நாட்கள் பசித்திருந்து மனிதனைக் கடிக்கிறது. கடியுண்டவனிடம் நோய் வெளிப்பட ஏறக்குறைய மூன்று நாட்கள். அதன்பின் ஐந்தாறு நாட்களில் மரணம். கூட்டிப் பார்த்தால் கணக்கு ஒத்துவருகிறதன்றோ?

ஆகவே, எலிகளின் சாவு மனிதருக்கு முன்னறிவிப்பாகும். 1994-இல் சூரத் நகரம் பிளேக் அச்சத்தால் கலங்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். இன்று தக்க மருந்துகள் உள்ளன. காலந்தாழ்த்தாது கொடுத்தால் நோயைக் குணப்படுத்தலாம். காரணம் புலப்படாமல் எலிகள் பல செத்துக் கிடந்தால், வெறுங்கையால் தொடாது நகராட்சிச் சுகாதாரத் துறையினருக்கு அறிவிப்போம். காய்ச்சலுடன் அக்குளிலோ அரையிலோ நெறிகட்டினால் அன்றே மருத்துவரை நாடுவோம். வந்த ஊரில் நம்மையும் அண்டை வீட்டாரையும் காக்க இச்சிறு விழிப்பு போதும்.