ராமசாமிகளின் நூற்றாண்டு

1879-ல் தமிழகம் இரண்டு ராமசாமிகளைப் பெற்றது. செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில், வணிகர் வெங்கட்ட நாயக்கர் வீட்டில் ஒருவர். நவம்பர் 12 அன்று வந்தவாசியில் இன்னொருவர். முன்னவர் ஈ.வெ. ராமசாமி, பின்னவர் சி.பி. ராமசாமி ஐயர். ஒருவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கடைக்குப் போனார். மற்றவர் சட்டம் படித்துச் சென்னையின் பெரிய வழக்கறிஞர்களில் ஒருவரானார். ஆனாலும் வைக்கம் இருவர் கதையிலும் வருகிறது.

1924-ல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்க உரிமை கேட்டுப் போராட்டம் எழுந்தது. அதில் இறங்கிய ஈ.வெ.ரா.வைத் திருவிதாங்கூர் அரசு இரண்டு முறை சிறையில் அடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே சமஸ்தானத்துக்கு சி.பி. திவானாக வந்தார். 1936 நவம்பர் 12 அன்று, அவரது பிறந்தநாளிலேயே, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. பெருமை முழுவதையும் திவானுக்கே எழுதிவிடக் கூடாது. மன்னர் சித்திரைத் திருநாளுக்கும், அதற்கு முன்னரே வைக்கத்தில் அடிபட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு.

சுதந்திரத்தை ஒட்டி சி.பி.யின் நட்சத்திரம் சரிந்தது. திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று வாதாடியவர், 1947 ஜூலையில் வெட்டுப்பட்டு உயிர் தப்பிப் பதவியை விட்டார். அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். வள்ளலார் பக்தர், கதர்க்காரர். தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. அந்த விஷயத்தில் ஈ.வெ.ரா.வுக்கும் அவருக்கும் பேதமில்லை. ஆனால் 1948-ல் ஈ.வெ.ரா.வின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்ததும் ஓமந்தூராரின் அரசுதான்.

1971-லும் ஒரு ராமசாமி எதிரே நின்றார். சேலத்தில் ஈ.வெ.ரா. பங்கேற்ற மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் அவமதிக்கப்பட்டதாகப் புயல் கிளம்பியது. அது பற்றிய படங்களை வெளியிட்ட ‘துக்ளக்’ இதழைத் தி.மு.க. அரசு பறிமுதல் செய்தது. அதன் ஆசிரியர் சோ ராமசாமி. அடுத்து வந்த தேர்தலில் தி.மு.க. 184 இடங்களில் வென்றது. துக்ளக்குக்கோ ஊர் முழுக்க இலவச விளம்பரம்.

1956-ல் ராமர் படத்தை எரிக்கும் போராட்டம் நடத்திய ஈ.வெ.ரா. கடைசிவரை ராமசாமியாகவே கையெழுத்திட்டார். நாயக்கர் பட்டத்தை மட்டும் 1929 செங்கல்பட்டு மாநாட்டையொட்டி உதறினார். 1938-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ‘பெரியார்’ என்று அழைத்த பிறகு, இயற்பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே தொண்டர்களுக்குக் குறைந்துபோனது.

மற்ற ராமசாமிகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு 1946-ல் முதல் தலைவரான ஆற்காடு ராமசாமி முதலியாரை, இரட்டையரான தம்பி லட்சுமணசாமியோடு சேர்த்துத்தான் ஊர் நினைவு வைத்திருக்கிறது. 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில், இருபத்தொரு வயதிலேயே கிழவர் வேடம் கட்டிய வி.கே. ராமசாமி, வி.கே.ஆர். ஆகிவிட்டார். சோ வெறும் சோ.

சி.பி.யின் ஆட்சியில் கோட்டயத்தில் சிறுவனாக வளர்ந்த இன்னொரு ராமசாமி, பின்னாளில் நாகர்கோவிலில் இருந்துகொண்டு ‘ஒரு புளியமரத்தின் கதை’ எழுதினார். வாசகர்களுக்கு அவர் சு.ரா. கவிதை என்று வந்தபோது சுந்தர ராமசாமி அந்த ‘ரா’வையும் கழற்றி வைத்துவிட்டுப் பசுவய்யா என்று கையெழுத்திட்டார்.