டிடிபிஏ-வா, டிஎம்எஸ்ஏ-வா? அப்பாவோட கிட்னி ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன்னாடி இதைப் படிங்க



நீங்க சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறீங்க. அப்பா அம்மா ராயகிரியில. ராஜபாளையத்துல எடுத்த அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்ல, இடது கிட்னியில சிறுநீர் தேங்கி வீங்கியிருக்குன்னு வந்திருக்கு. டாக்டர் சீட்டுல "ரீனல் ஸ்கேன்"னு எழுதியிருக்கார். அந்தச் சீட்டு வாட்ஸ்அப்ல உங்களுக்கு வருது. தேடிப் பார்த்தா டிடிபிஏ, இசி, எம்ஏஜி3, டிஎம்எஸ்ஏன்னு நாலு பேர் கண்ணுல படும். "அப்பா உடம்பு விஷயம், எது காஸ்ட்லியோ அதையே எடுத்துடலாம்"னு தோணும்.

பணம் வீணாகிறது அங்கதான். இந்த ஸ்கேன்கள்ல உசத்தி, மட்டம்னு எதுவும் கிடையாது. ஒவ்வொண்ணும் ஒரு தனிக் கேள்விக்குப் பதில் சொல்லும். கேள்வி தெரியாம ஸ்கேன் எடுத்தா ரெண்டாவது தடவையும் எடுக்க வேண்டியிருக்கும். நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. எந்த ஸ்கேன்னு முடிவு பண்ண வேண்டியது டாக்டர்தான். அவர்கிட்ட என்ன கேட்கணும், பில்லை என்ன பண்ணணும் - இந்த ரெண்டுக்கும்தான் இந்தப் பதிவு.

கிரியேட்டினின் நார்மல்னா போதாதா?

ஒரு கம்பெனிக்கு ரெண்டு கிளை இருக்குன்னு வைங்க. மொத்தக் கணக்கு லாபம் காட்டுது. ஆனா ஒரு கிளை நஷ்டத்துல ஓடுது, இன்னொண்ணு அதையும் சேர்த்துச் சுமக்குது. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது.

கிரியேட்டினின் அந்த மொத்தக் கணக்கு மாதிரி. ஒரு கிட்னி பாதி செத்திருந்தாலும், இன்னொண்ணு ஈடுகட்டினா ரிசல்ட் நார்மலாவே வரலாம். தசை குறைஞ்ச ஒல்லியான பெரியவங்களுக்கு, கிட்னி பலவீனமா இருந்தும் எண் நல்லா இருக்கிற மாதிரி தெரியலாம். கிளைவாரியா கணக்குக் காட்டுறது நியூக்ளியர் ஸ்கேன். இடது எவ்வளவு சதவீதம், வலது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லும். சாதாரணமா ஒவ்வொண்ணும் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள்ள இருக்கும்.

அதுக்காக எல்லாருக்கும் ஸ்கேன் வேணும்னு இல்ல. சுகர், பிரஷர் இருக்கிற அப்பாவுக்கு கிட்னி எப்படி இருக்குன்னு தெரிஞ்சா போதும்னா, கிரியேட்டினின்ல இருந்து கணக்கிடுற இஜிஎஃப்ஆரும், சிறுநீர்ல ஆல்புமின் பரிசோதனையும்தான் முதல் படி. செலவும் குறைவு. வெயில்ல வேலை செய்யுற விவசாயக் குடும்பங்கள் இதை வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துடுறது நல்லது.

எந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேன்?

டிடிபிஏ: கிட்னியோட வடிகட்டி எவ்வளவு வேகமா வேலை செய்யுது, ரெண்டோட பங்கு என்ன, சிறுநீர் தடையில்லாம இறங்குதா? நடுவுல லேசிக்ஸ் ஊசி போட்டு, தேங்கினது வடியுதான்னு பார்ப்பாங்க. கிட்னி தானம் கொடுக்கிறவங்களுக்கும் இது பயன்படும். அங்க துல்லியம் ரொம்ப முக்கியம்கிறதால, ரத்த மாதிரி எடுத்துக் கணக்கிடுற முறையையும் சேர்ப்பாங்க.

இசி, எம்ஏஜி3: கேள்வி கிட்டத்தட்ட அதேதான். ஆனா கிட்னி ஏற்கெனவே பலவீனமா இருந்தாலும், சின்னக் குழந்தையா இருந்தாலும் படம் தெளிவா வரும். இந்த ரெண்டும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும்.

டிஎம்எஸ்ஏ: கிட்னி சதையில தழும்பு இருக்கா? அடிக்கடி சிறுநீர்த் தொற்று வர்ற குழந்தைகளுக்குத்தான் இதை அதிகமா எழுதுவாங்க. சிறுநீர் வடியுதான்னு இது சொல்லாது. நிரந்தரத் தழும்பைப் பார்க்கணும்னா, தொற்று ஆறி சில மாசம் கழிச்சுத்தான் எடுப்பாங்க. அவசரப்பட்டா திரும்ப ஒரு தடவை எடுக்கணும்.

நம்ம உதாரணத்துல அப்பாவுக்குத் தெரிய வேண்டியது, அடைப்பு இருக்கா, அந்தக் கிட்னிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்குன்னு. ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தலாமா, காத்திருக்கலாமா, எடுத்துடலாமாங்கிற முடிவே இந்தப் பதிலை வச்சுத்தான். அதனால டாக்டர்கிட்ட இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "இந்த ரிசல்ட் எப்படி வந்தா சிகிச்சையில என்ன மாறும்?" பதில் கிடைச்சதும், ஸ்கேன் பேரைச் சீட்டுல தெளிவா எழுதித் தரச் சொல்லுங்க. லேசிக்ஸ் வேணும்னா அதையும்.

மதுரைக்கு பஸ் ஏறும் முன்னாடி

இதுக்குத் தேவையான டெக்னீசியம்-99எம் மருந்தோட வீரியம் 6 மணி நேரத்துல பாதியா குறையும். வாங்கி ஸ்டாக் வைக்க முடியாது. அதனாலதான் இந்த வசதி எல்லா ஊர்லயும் இல்ல, எல்லா நாளும் எல்லா ஸ்கேனும் நடக்காது. ராயகிரியில இருந்து மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல. முன்னாடியே போன் பண்ணி நாள், நேரம், மொத்தக் கட்டணம் கேட்டுக்கோங்க. டிடிபிஏ ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். டிஎம்எஸ்ஏ-க்கு ஊசி போட்டு ரெண்டு மூணு மணி நேரம் காத்திருக்கணும். அன்னைக்கு உங்களுக்கு லீவு வேணுமா, அரை நாள் பர்மிஷன் போதுமான்னு இதை வச்சு முடிவு பண்ணுங்க.

இப்ப என் ஏரியாவுக்கு வருவோம்

1. இன்ஷூரன்ஸ்: ஸ்கேனுக்காக மட்டும் அட்மிட் ஆனா க்ளெய்ம் கிடைக்காது. பாலிசியில "எக்ஸ்கிளூஷன் 04"னு இருக்கிறது இதைத்தான் சொல்லுது. ஆனா அதே நோய்க்குப் பின்னாடி ஆபரேஷன் நடந்தா, அட்மிஷனுக்கு முந்தின நாட்கள் செலவுல (பல பாலிசியில 30 நாள்) இதையும் கேட்கலாம். சீட்டு, பில், ரிப்போர்ட் மூணையும் பத்திரமா வைங்க.

2. இஎஸ்ஐ: உங்க சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்குள்ளன்னா, உங்களைச் சார்ந்திருக்கிற பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு. வெளியில பணம் கட்டும் முன்னாடி அங்க கேளுங்க.

3. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: வீட்ல இருந்தா, ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்ல இந்த ஸ்கேன் வருமான்னு கேட்டுட்டுப் பணம் கட்டுங்க.

4. 80டி: பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும். அப்பாவுக்கு 60 வயசு ஆகி, ஹெல்த் இன்ஷூரன்ஸ் இல்லைன்னா, மருத்துவச் செலவை 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். ரொக்கமா கட்டினா கிடையாது. யுபிஐ-ல உங்க அக்கவுண்ட்ல இருந்தே கட்டுங்க.

5. 80டிடிபி: நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புன்னு ஸ்பெஷலிஸ்ட் எழுதிக் கொடுத்தா, சிகிச்சைச் செலவுக்கு 40,000 வரை, மூத்த குடிமக்களுக்கு 1,00,000 வரை. இதுவும் பழைய வரி முறையில மட்டும்தான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வர்றதால பிரிவு எண்கள் மாறும், கவனிச்சுக்கோங்க.

இந்த வரிச் சலுகைக்காக ஸ்கேனைத் தள்ளியும் போடாதீங்க, தேவையில்லாம எடுக்கவும் செய்யாதீங்க. அடைப்பு இருக்கிற கிட்னி மார்ச் 31 வரைக்கும் காத்திருக்காது. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணும்போது, அந்தச் சீட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை முழுசா வாசிக்கச் சொல்லுங்க. 80டி பில்களை எப்படி ஃபைல் பண்ணணும்னு அடுத்த வீடியோவில பார்க்கலாம்.