குட்டை பச்சையாக இருந்தால் போதுமா?

"காலாவதியான மாத்திரைதானே சார்? குப்பையில் போட்டால் பிள்ளைகள் எடுத்து வாயில் வைத்துவிடும். அதனால்தான் குட்டையில் கொட்டினேன்."

பண்ணைக்குட்டை பார்க்கப் போன இடத்தில் ஒரு சகோதரி இப்படிச் சொன்னார். கொட்டியதில் கருத்தடை மாத்திரைகளும் இருந்தன. "தண்ணீர் பச்சையாகத்தானே இருக்கிறது, ஒன்றும் ஆகவில்லையே?" என்றார் அவருடைய கணவர். நியாயமான கேள்வி. பலருக்கும் உதவும் என்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

பாசி தாங்கும், மீன் தாங்காது

தண்ணீருக்குப் பச்சை நிறம் தருபவை குளோரெல்லா போன்ற நுண்பாசிகள். இவை வெயிலில் உணவு தயாரித்து, பகலில் தண்ணீருக்கு ஆக்சிஜன் தருகின்றன. பாசியை நுண்விலங்குகள் தின்னும். அவற்றை மீன்குஞ்சு தின்னும்.

கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் ஒரு செயற்கைப் பெண் ஹார்மோன். ஆய்வகத்தில் இதை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கலந்தால் பாசியின் வளர்ச்சி குன்றுகிறது. குளம் குட்டையில் அவ்வளவு சேராது. குறைந்த அளவில் பாசி அதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஓரளவு சிதைக்கவும் செய்யும். எனவே பச்சை மாறாது.

மீனின் கணக்கு வேறு. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஓர் ஏரியில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் இதே ஹார்மோனைக் கலந்தார்கள். அளவு, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். ஒரு மில்லிகிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். அதற்கே 'ஃபேட்ஹெட் மின்னோ' என்ற சிறுமீனில் ஆண்களின் உடலில் முட்டைக்கரு புரதம் உண்டானது. இனப்பெருக்கம் கெட்டு, அந்த மீன் ஏரியில் அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அதைத் தின்னும் பெரிய மீன்களும் இரையின்றிக் குறைந்தன. கலப்பதை நிறுத்திய பின், சில ஆண்டுகள் கழித்தே சிறுமீன் மீண்டது.

நம் குட்டைக் கணக்கு

சாதாரணக் கருத்தடை மாத்திரை ஒன்றில் இந்த ஹார்மோன் 0.03 மில்லிகிராம். 21 மாத்திரையில் 0.63 மில்லிகிராம். பத்து மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழமுள்ள குட்டையில் 1,20,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஓர் அட்டை முழுதும் கரைந்தால், கனடா ஏரியின் அளவு வந்துவிடுகிறது!

பயப்பட வேண்டாம். ஒருமுறை கொட்டியதால் குட்டை பாழாகாது. வெயிலும் நுண்ணுயிர்களும் மெல்லச் சிதைக்கும். அதுவே பழக்கமானால்தான் ஆபத்து. விரால், சிலேபி போல் குட்டையிலேயே குஞ்சு பொரிக்கும் மீன்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. இதற்காகப் பெண்கள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தவறு சாப்பிடுவதில் இல்லை, தண்ணீரில் கொட்டுவதில்தான்.

செய்ய வேண்டியவை

1. மீந்த, காலாவதியான மருந்துகளைத் தண்ணீரிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள், எரிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாமல் தனி டப்பாவில் சேர்த்து, தூய்மைக் காவலரிடம் 'மருந்துக் கழிவு' என்று சொல்லிக் கொடுங்கள்.

2. கால்நடை மருந்துக்கும் இதே விதிதான்.

3. கழிவறைத் தண்ணீர் குட்டைக்கு வராமல் வரப்பு உயர்த்துங்கள்.

4. சினைமாட்டின் சாணத்திலும் சிறுநீரிலும் இயற்கை ஹார்மோன் உண்டு. குட்டைக்குப் பச்சைச் சாணத்தைத் தவிர்த்து, மக்கிய எருவையே இடுங்கள்.

அந்தச் சகோதரி இப்போது அடுக்களைப் பரணில் ஒரு டப்பா வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் இன்றே ஒன்று வையுங்கள். குட்டை பற்றிய சந்தேகங்களைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள்.