'பூமி தட்டைதான்!' எனச் சாதிக்கும் கூட்டம்... கலையாமல் இருப்பதன் ரகசியம் என்ன?

அமெரிக்காவில் ஒரு குழு 20,000 டாலர் கொடுத்து லேசர் ஜைரோஸ்கோப் வாங்கியது. மிக மெல்லிய சுழற்சியைக்கூடக் கண்டுபிடித்துவிடும் கருவி அது. பூமி சுழலவே இல்லை, அது அசையாத ஒரு தட்டு என்று நிரூபிப்பதுதான் திட்டம். கருவியை இயக்கிப் பார்த்தார்கள். மணிக்கு 15 டிகிரி நகர்வதாகக் காட்டியது. 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 360 டிகிரி. அதாவது, பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே ஒரு முழுச் சுற்று!

உடனே மனம் மாறினார்களா? அதுதான் இல்லை. வானிலிருந்து வரும் ஏதோ ஒரு சக்தி கருவியைக் குழப்பியிருக்கும் என்று சந்தேகப்பட்டு, அதைத் தடுக்கும் வழிகளைத் தேட ஆரம்பித்தார்கள். 2018-ல் வெளியான 'பிஹைண்ட் தி கர்வ்' ஆவணப்படத்தில், குழுவைச் சேர்ந்த பாப் நோடல் இதையெல்லாம் கேமரா முன்பே சொல்கிறார்.

'படிக்காதவர்கள், பாவம்' என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், இவ்வளவு பணம் செலவழித்துச் சோதனை செய்பவர்களுக்கு ஆர்வமோ உழைப்போ குறைவில்லை. அப்படியானால் சிக்கல் எங்கே?

150 ஆண்டுகளுக்கு முந்தைய பந்தயம்

இந்தக் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1838-ல் சாமுவேல் ரௌபாத்தம் என்பவர், நேராக ஓடும் பெட்ஃபோர்டு கால்வாயில் இறங்கி நின்று, தூரத்தில் சென்ற படகைத் தொலைநோக்கியில் பார்த்தார். சுமார் 10 கிலோமீட்டர் தூரம் போன பிறகும் படகு மறையவில்லை, எனவே பூமி தட்டை என்று முடிவு கட்டினார். ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றி ஆள் சேர்த்தார். தண்ணீரை ஒட்டிய காற்று ஒளியை வளைப்பதால், மறைய வேண்டிய பொருளும் கண்ணுக்குத் தெரியும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

1870-ல் ஜான் ஹாம்ப்டன் என்பவர், பூமி உருண்டை என நிரூபிப்பவருக்கு 500 பவுண்டு என்று பந்தயம் கட்டினார். டார்வினோடு பரிணாமக் கொள்கையை முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் சவாலை ஏற்றார். அதே கால்வாயில், தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் குறிகளை வைத்தார். நடுவில் இருந்த குறி உயரமாகத் தெரிந்தது. பூமி வளைந்திருந்தால் அப்படித்தான் தெரியும். நடுவர் வாலஸுக்கே வெற்றி என்றார்.

ஹாம்ப்டன் ஒப்புக்கொள்ளவில்லை. ஆண்டுக்கணக்கில் வாலஸைத் திட்டிக் கடிதம் எழுதினார். வாலஸின் மனைவிக்கும் மிரட்டல் கடிதம் போனது. அவதூறு வழக்கில் சிறைக்குப் போயும் ஹாம்ப்டன் மாறவில்லை. கால்வாயில் கிடைத்த ஆதாரம் அவரிடம் செல்லுபடியாகவே இல்லை.

ஒரு வீடு எரிந்தது... ஒரு சங்கம் கரைந்தது

1956-ல் சாமுவேல் ஷென்டன் என்பவர் இங்கிலாந்தில் தட்டை பூமிச் சங்கம் தொடங்கினார். விண்வெளியிலிருந்து எடுத்த பூமியின் படங்கள் வந்தபோது, பழக்கமில்லாத கண்களை இந்தப் படங்கள் ஏமாற்றிவிடும் என்று சமாளித்தார். அவருக்குப் பிறகு, 1972-ல் பொறுப்பு அமெரிக்காவின் சார்லஸ் ஜான்சன் கைக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் பாலைவனப் பகுதியில் மனைவியோடு வாழ்ந்த அவர், அங்கிருந்தே உறுப்பினர்களுக்குச் செய்தி இதழ் அனுப்பினார். உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் சுமார் 3,500-ஐத் தொட்டதாகச் சொல்லப்படுகிறது. 1995-ல் அவர் வீடு தீப்பிடித்தது. உறுப்பினர் பட்டியலும் சாம்பலானது. 2001-ல் அவர் இறந்தபோது சங்கம் கிட்டத்தட்ட முடிந்துபோனது.

அதைத் திரும்ப உயிர்ப்பித்தது, இன்று நம் எல்லோர் கையிலும் இருக்கும் போன்தான்.

30 பேரில் 29 பேர்

2017-லும் 2018-லும் அமெரிக்காவில் நடந்த தட்டை பூமி மாநாடுகளில், டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆஷ்லி லேண்ட்ரம் தன் குழுவோடு 30 பேரைப் பேட்டி எடுத்தார். 29 பேர் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துத்தான் மாறினார்கள். மீதி ஒருவர்? அவருக்குச் சொன்னது மகளும் மருமகனும். அவர்கள் பார்த்ததும் யூடியூபில்தான்!

பலர் தேடிப்போய்ப் பார்த்தவர்கள் அல்ல. வேறு சதிக் கதைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'அடுத்து இதைப் பாருங்கள்' என்று யூடியூப் நீட்டிய வீடியோ அது. தப்பு கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்து, கடைசியில் நம்பிவிட்டவர்களும் உண்டு.

வீடியோ ஆளைக் கூட்டி வருகிறது. பிடித்து வைத்திருப்பது உறவு. 'உலகமே ஏமாந்திருக்கும்போது நான் மட்டும் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டேன்' என்ற பெருமை முதலில் கிடைக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் கேலி செய்கிறார்கள். அப்போது 'நீங்கள் சொல்வது சரி' என்று அரவணைக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. மாநாடு, நண்பர்கள், பேச்சாளர் என்ற அந்தஸ்து எல்லாம் அங்கே கிடைக்கிறது. வெளியே கேலி கூடக்கூட, உள்ளே நெருக்கம் கூடுகிறது.

அன்டார்டிகாவில் மறையாத சூரியன்

இந்தப் பிணைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பதை 2024 டிசம்பர் காட்டியது. தட்டை பூமி வரைபடத்தில் வட துருவம் நடுவில் இருக்கும். அன்டார்டிகா, விளிம்பைச் சுற்றி நிற்கும் பனிச்சுவர். அப்படியானால், அன்டார்டிகாவில் 24 மணி நேரமும் சூரியன் தெரிய வாய்ப்பே இல்லை. வில் டஃபி என்ற பாதிரியார், இரு தரப்பினரையும் அங்கேயே அழைத்துப்போனார். சூரியன் மறையவே இல்லை.

தட்டை பூமிக்காக ஆண்டுக்கணக்கில் வீடியோ போட்டுவந்த ஜெரன் காம்பனெல்லா, தான் நினைத்தது தவறு என்று அங்கிருந்தே ஒப்புக்கொண்டார். அவருக்குக் கிடைத்தது பாராட்டல்ல. நேற்றுவரை கொண்டாடிய கூட்டத்தில் பலர், விலைபோய்விட்டார் என்றார்கள். வீடியோவே ஸ்டூடியோவில் எடுத்தது என்றவர்களும் உண்டு. உண்மையை ஏற்க அவர் கொடுத்த விலை, நண்பர்கள்.

கேலி வேண்டாம்

2018 டென்வர் மாநாட்டுக்குப் போய் இவர்களோடு பேசிய தத்துவ அறிஞர் லீ மெக்கின்டயர், இது ஆதாரம் பற்றிய பிரச்னை அல்ல, 'நான் யார்' என்ற அடையாளப் பிரச்னை என்கிறார். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: 'எந்த ஆதாரம் காட்டினால் உங்கள் மனம் மாறும்?' அதையும் நேரில், பொறுமையாகக் கேட்க வேண்டும் என்கிறார்.

பூமி தட்டை என்று சொல்பவர் உங்கள் குடும்பத்தில் இல்லாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒன்றை உறுதியாக நம்பும் சித்தப்பாவோ தோழியோ நிச்சயம் இருப்பார்கள். குரூப்பில் எல்லோர் முன்னாலும் மடக்கினால், அவர்களைப் புரிந்துகொள்ள அந்தக் கூட்டம் மட்டுமே மிஞ்சும். தனியாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள். அந்தக் கூட்டத்தை விட்டு வந்தால், இங்கே நமக்கு ஓர் இடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.