சிடுசிடுப்புக்கும் சிகிச்சை உண்டு

"முன்பெல்லாம் இவர் இப்படி இருந்ததில்லை." எரிச்சல் மிகுந்த ஒருவரை அழைத்துவரும் குடும்பத்தார் பெரும்பாலும் கூறுவது இதுவே. அந்த மாற்றமே மருத்துவருக்கு முதல் தடயம். மனச்சோர்வு எப்போதும் கண்ணீராக வெளிப்படுவதில்லை. சிலரிடம் சிடுசிடுப்பாகவே வெளிப்படும். தைராய்டு மிகைச்சுரப்பு, தூக்கமின்மை, மதுப்பழக்கம் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே, முதலில் காரணத்தை அறிய வேண்டும். சிகிச்சை அதன் பின்னரே.

மனச்சோர்வே காரணமெனில், உளவியல் சிகிச்சையும் மருந்தும் கைகொடுக்கும். தாடை இறுகுதல், குரல் உயர்தல் போன்ற முன்னறிகுறிகளை உணர்ந்து, கடுஞ்சொல் வெளிவருமுன் சற்றே விலகி நிற்கும் பயிற்சியைச் சிகிச்சையாளர் அளிப்பார். மருந்து முழுப்பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் சிலருக்குப் படபடப்போ எரிச்சலோ கூடலாம். அப்போது தாமாக மருந்தை நிறுத்தாமல், உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். திடீரென நிறுத்துவதும் எரிச்சலைத் தூண்டும்.

குடும்பத்தாரே, சினம் தணிந்த வேளையில் பேசுங்கள். நோயைப் புரிந்துகொள்வது வேறு. வன்முறையைப் பொறுத்துக்கொள்வது வேறு. அடியோ மிரட்டலோ நேர்ந்தால், முதலில் பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது.