பார்க்கும்போது மட்டும் ஓடுற சர்வீஸ்

லினக்ஸ் சர்வர்ல ஒரு சர்வீஸ் அடிக்கடி நின்னுபோகுதுன்னு சொன்னா, முதல்ல வர்ற பதில் பெரும்பாலும் ‘ரீஸ்டார்ட் ஈக்வல்ஸ் ஆல்வேஸ் போட்டுடு’. எனக்கு அந்தப் பதில் பிடிக்காது. ஃபியூஸ் ஏன் போச்சுன்னு பாக்காம மாத்திக்கிட்டே இருக்கிற மாதிரி அது. இன்னைக்கு சொல்லப்போற கேஸ்ல அது வேலைக்கே ஆகாது.

அசோக் நகர்ல, பில்லர்ல இருந்து நடந்துபோற தூரத்துல, ஒரு அக்கா ட்யூஷன் சென்டர் நடத்துறாங்க. பிளஸ் டூ பசங்களுக்கு சாயங்காலம் 6:30க்கு மாக் டெஸ்ட். பசங்க அவங்கவங்க போன்ல, சென்டர் வைஃபைல, ஒரு பக்கத்தைத் திறந்து பதில் போடணும். அதுக்கு சர்வர் எதுன்னா, தமிழ்நாடு அரசு 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்துல வந்த பழைய லேப்டாப். அதுல பாஸ் லினக்ஸ் போட்டுக் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? டெபியனை அடிப்படையா வச்சு நம்ம சென்னை சி-டாக் உருவாக்கினது. இப்ப இந்த லேப்டாப்ல இருக்கிறது டெபியன் 12. மாடி வீட்டுல இருக்கிற காலேஜ் தம்பி ஒருத்தன் பைத்தான்ல சின்னதா ஒரு புரோகிராம் எழுதி, அதை பின்னணியில ஓடுற சர்வீஸா வச்சுக் குடுத்திருந்தான்.

பிரச்சினை என்னன்னா, டெஸ்ட் ஆரம்பிக்கிற நேரத்துக்கு பக்கம் திறக்காது. அக்கா தம்பிக்கு போன் பண்ணுவாங்க. அவன் மாடியில இருந்தே எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய்ப் பார்த்துட்டு, “ஓடுதேக்கா, ரீஃப்ரெஷ் பண்ணச் சொல்லுங்க”ம்பான். திறக்கும். அவன் லாக்அவுட் பண்ணிட்டுப் போயிடுவான். கொஞ்ச நேரத்துல மறுபடி செத்துடும். பதில் எல்லாம் கடைசியில சப்மிட் பண்ணாத்தான் சேவ் ஆகும்ங்கிறதால, முக்கால்வாசி முடிச்ச பசங்க திரும்ப முதல்ல இருந்து வரணும். ‘நெட் ஸ்லோ’ன்னு சொல்லி புது கனெக்‌ஷனுக்குப் பணம் கட்டவே அக்கா ரெடியாயிட்டாங்க. வைஃபைக்குள்ளயே ஓடுற பக்கத்துக்கு இன்டர்நெட்டே தேவையில்லை! அதைவிட மோசம், டெஸ்ட்ல இருந்து தப்பிக்க பசங்கதான் ஏதோ பண்றாங்களோன்னு அவங்களுக்கு சந்தேகம் வேற.

சரி, ஒரு சர்வீஸை யாரெல்லாம் நிறுத்தலாம்? புரோகிராமே தப்பு பண்ணி விழலாம். அப்படின்னா ஸ்டேட்டஸ்ல பூஜ்யம் இல்லாத எக்ஸிட் கோடு இருக்கும். மெமரி பத்தாம கெர்னல் கொல்லலாம். அப்போ சிக்னல் 9னு வரும், கெர்னல் லாக்ல ‘அவுட் ஆஃப் மெமரி’ன்னு ஒரு வரி கிடைக்கும். 2 ஜிபி ரேம் லேப்டாப்ங்கிறதால யாரா இருந்தாலும் இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க, நானும் பார்த்தேன், ஒண்ணும் இல்லை. திரும்பத் திரும்ப விழுந்தா சிஸ்டம்டியே கையை விரிச்சிடும். டிஃபால்ட்டா 10 செகண்டுக்குள்ள 5 தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா, அதுக்கு மேல முயற்சி பண்ணாது. அதுவும் நடக்கலை. எரரே இல்லை. யாரோ நிறுத்தச் சொன்னாங்க, அது ஒழுங்கா நின்னுது, அவ்வளவுதான்.

யார் சொன்னது? தம்பி ஒவ்வொரு தடவையும் ஸ்டேட்டஸ்ல பச்சை எழுத்தைப் பார்த்து திருப்தி ஆயிட்டான். அதே வரியில ‘எப்போ இருந்து ஓடுது’ன்னும் இருக்கும். அவன் எப்போ பார்த்தாலும் அது சில செகண்டுகள்தான். அதாவது, அவன் உள்ள வந்ததாலதான் சர்வீஸே ஸ்டார்ட் ஆகுது. ஜர்னல்சிடிஎல்ல நேரத்தைப் பொருத்திப் பார்த்தோம். எஸ்எஸ்ஹெச் செஷன் மூடினதுல இருந்து சரியா 10 செகண்ட்ல ‘ஸ்டாப்பிங் யூசர் மேனேஜர்’னு ஒரு வரி.

விஷயம் இதுதான். சிஸ்டம்டில ரெண்டு மாதிரி சர்வீஸ் இருக்கு. ஒண்ணு சிஸ்டம் சர்வீஸ், மெஷின் பூட் ஆனா ஆரம்பிக்கும். இன்னொண்ணு யூசர் சர்வீஸ், ‘டேஷ் டேஷ் யூசர்’னு போட்டு எனேபிள் பண்றது. இது அந்த யூசரோட மேனேஜருக்குக் கீழ ஓடும். யூசர் முதல் தடவை லாக்இன் ஆகும்போது அந்த மேனேஜர் வரும். கடைசி செஷனும் மூடின 10 செகண்ட்ல, டிஃபால்ட்டா, எல்லாத்தையும் நிறுத்திட்டுப் போயிடும். தம்பி போட்டது ரெண்டாவது வகை. ரீஸ்டார்ட் ஆல்வேஸ் இங்க ஏன் உதவாதுன்னு இப்பப் புரியும். சிஸ்டம்டியே நிறுத்தினதை அந்த வரி திரும்ப எழுப்பாது, அது தானா விழுந்ததுக்கு மட்டும்தான். போதாக்குறைக்கு, எழுப்ப வேண்டிய மேனேஜரே போயிடுச்சு.

தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி: “முன்னாடி நோஹப் போட்டு ஓட்டினேன், லாக்அவுட் ஆனாலும் ஓடுச்சே அண்ணா? ஒழுங்கா சர்வீஸா மாத்தினப்புறம்தானே இப்படி?” இதுக்கு ஒரு பழைய சண்டை இருக்கு. 2016 மே மாசம் சிஸ்டம்டி 230 வந்தப்ப, லாக்அவுட் ஆனா யூசரோட மிச்ச ப்ராசஸ் எல்லாத்தையும் கொல்றதை டிஃபால்ட் ஆக்கினாங்க. டிமக்ஸ், ஸ்கிரீன்ல நீளமான வேலையை விட்டுட்டுப் போறவங்க கொதிச்சுட்டாங்க. டெபியன் அதை ஆஃப்லயே வச்சுக்கிச்சு. அதனாலதான் நோஹப் பிழைச்சுது. ஆனா அந்த செட்டிங் யூசர் சர்வீஸைக் காப்பாத்தாது, மேனேஜர் போனா அதுவும் போகும்.

தீர்வு ரெண்டு. ‘லாகின்சிடிஎல் எனேபிள் லிங்கர்’னு யூசர் பேரோட குடுத்தா, லாக்இன் இல்லாமலே மேனேஜர் பூட்ல இருந்து உயிரோட இருக்கும். சொந்த வேலைக்கு அது போதும். ஆனா 30 பசங்க நம்பியிருக்கிற ஒண்ணுன்னா, என் கருத்து, சிஸ்டம் சர்வீஸாவே போடுங்க. யூனிட் ஃபைலை ஈடிசி சிஸ்டம்டி சிஸ்டம் ஃபோல்டருக்கு மாத்தி, யூசர்ங்கிற வரியில பேரைக் குடுத்து, வான்டட்பை-ல மல்ட்டி யூசர் டார்கெட்னு போட்டோம். பழைய யூசர் சர்வீஸை மறக்காம டிஸேபிள் பண்ணுங்க, இல்லைன்னா அடுத்த லாக்இன்ல அதுவும் எழுந்து, அதே போர்ட்டுக்கு சண்டை போட்டு, ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’னு கத்தும்.

டெஸ்ட் பண்றதுல ஒண்ணு கவனிங்க. எஸ்எஸ்ஹெச்ல போய்ப் பாக்கக் கூடாது, போனாலே பழையபடி ஓடிடும். லேப்டாப்பை ரீபூட் பண்ணி, யாரும் லாக்இன் ஆகாம 5 நிமிஷம் விட்டு, அக்கா போன்ல பக்கத்தைத் திறந்தோம். திறந்துச்சு. தம்பி அன்னைக்கு சாயங்காலம் மாடியில இருந்து இறங்கி வந்து, பசங்களோட உக்காந்து அந்த டெஸ்ட்டை எழுதினான்.