கடைசி வீட்டுக் குழாய்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் மேட்டுத் தொட்டியிலிருந்து குழாய் வழியே இறங்கி வருகிறது. குழாய்க்குள் மண் படிந்து அடைத்தால் முதலில் காய்வது கடைசி வீட்டுக் குடம். முதுமையில் வரும் மறதிநோயைப் புரிந்துகொள்ள இந்தக் குழாய் நமக்கு உதவும்.

மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் 2 விழுக்காடு. ஆனால் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் இரத்தம், நாளுக்குச் சுமார் 100 கிராம் குளுக்கோஸ் வேண்டும். நரம்பணு ஒவ்வொரு முறை சேதி அனுப்பும்போதும் சோடியம் உள்ளே புகுந்துவிடுகிறது. அதை வெளியே இறைத்துக் கொட்டுவதற்கே ஆற்றலில் பெரும்பங்கு செலவாகிறது. இவ்வளவு கேட்கும் உறுப்பில் சேமிப்பு பெயரளவுக்குத்தான். கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரை இருப்பு உண்டு, மூளை அன்றாடங்காய்ச்சி. இரத்த ஓட்டம் அடியோடு நின்றால் சுமார் 10 விநாடியில் நினைவு தப்பிவிடும்.

அதனால் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே மூளை உடனே மடையைத் திறந்து இரத்தத்தைப் பாய்ச்சுகிறது. இதை ராய், ஷெரிங்டன் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1890லேயே முன்வைத்தார்கள். மனித மூளையில் ஓடும் இரத்தத்தை அளக்கும் வழியை 1940களில் அமெரிக்காவின் சீமோர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் கண்டார்கள். சிரிப்பூட்டும் வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, மூளைக்குப் போகும் இரத்தத்திலும் திரும்பும் இரத்தத்திலும் அது எவ்வளவு இருக்கிறது என்று ஒப்பிட்டுக் கணக்கிட்டார்கள்.

பிரஷர், சர்க்கரை நோய், புகைப்பழக்கம் மூன்றும் ஆண்டுக்கணக்கில் நுண்தமனிகளைத் தடித்து இறுகச் செய்கின்றன. மூளையின் ஆழத்திலுள்ள வெண்பகுதிக்கு இரத்தம் நீண்டு மெலிந்த தமனிகளின் நுனியில்தான் கிடைக்கிறது. மூளையின் கடைசி வீடு அது. அங்கே வரத்து குறையும்போது யோசனை மந்தமாகும், நடை தளரும், சமையலை வரிசையாகச் செய்வதுகூடத் தடுமாறும்.

அல்சைமர் நோயில் அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் மூளையில் படிகின்றன. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்திப் பெட் ஸ்கேன் எடுத்தால், பொட்டுப் பகுதியிலும் பின்மேல் பகுதியிலும் மூளை சர்க்கரையைக் குறைவாகவே எடுப்பது தெரியும். அணுக்கள் நலிவதால் தேவை குறைகிறது. வரத்து குறைவதாலும் அணுக்கள் நலிகின்றன. அமிலாய்டு நுண்குழாய்களையே இறுக்கிச் சுருக்குகிறது என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. முதியவர்கள் பலரிடம் குழாய்க் கோளாறும் புரதப் படிவும் சேர்ந்தே இருக்கின்றன.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் முக்கால் பங்கே இங்கு உண்டு. அப்படியானால் ஆக்சிஜன் குறைந்த மலைக்காற்றுதான் மறதிக்குக் காரணமா? நலமாக இருப்பவர் அஞ்ச வேண்டாம். மூச்சு ஆழமாகும், நெடுநாள் வாழ்பவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடும். மலையில் கவனிக்க வேண்டியது குளிரைத்தான். குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் உள்ளவர்கள் மார்கழி, தை உறைபனி நாட்களில் அதைத் தவறாமல் அளந்து பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் ஒரு மதிப்பீடு வெளியானது. பிரஷர், சர்க்கரை, புகை, காது கேளாமை உள்ளிட்ட 14 காரணிகளைக் கவனித்தால், உலகில் இந்நோயின் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது 2024ஆம் ஆண்டின் லான்செட் ஆணைய அறிக்கை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக முடியாத கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு, அந்த மாத்திரை அட்டை இதயத்தோடு மூளையையும் காக்கிறது.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். எழுபது வயதில் பாட்டிக்குப் பேரன் பெயர் நினைவிருக்க வேண்டுமென்றால், நாற்பதில் அவள் கூடை சுமந்த நாட்களிலேயே யாராவது அவள் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்த்திருக்க வேண்டும்.